எட்டு வரித் தையல் போட்ட குப்பாயம்

மைனி,

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள். கிணற்றடியில் பாசி. அதைத் தேய்த்துவிடச் சொல்லி உங்கள் மகளிடம் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றாள். கால் வழுக்கியபோது யோசிக்கவெல்லாம் நேரமில்லை. தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, முதுகு வளைந்தது, இடது கை தானாகப் பறந்துபோய் சிமெண்டுத் தரையைப் பட்டென்று அடித்தது. அப்புறம்தான் விழுந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. எழுபத்தெட்டு வயதில் இப்படி விழுந்தால் இடுப்பு எலும்பு தப்பாது என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். முறையாக விழுந்தேன் என்றேன். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை.

கை மட்டும் வீங்கியிருந்தது. ஒத்தடம் கொடுக்கப் பழைய துணி தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், அம்மை தைத்த அந்தக் குப்பாயச் சட்டை கிடந்தது. காடாத்துணி வாசனையும் நூலில் தேய்த்த மெழுகு வாசனையும் இன்னும் போகவில்லை. பிடரிப் பக்கம் கிழிந்த பட்டி அப்படியே தொங்கியது. ஒத்தடத்தை மறந்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. இப்போது சொன்னால் என்ன? என்னைவிட இரண்டு மாதம் இளையவள், அவளை நான் மைனி என்றும் நீங்கள் என்றும் கூப்பிட வேண்டுமாம். போதாததற்கு மலாயாவில் வளர்ந்தவள், தண்ணீர் கோரத் தெரியாது, இடுப்பில் குடம் வைக்கத் தெரியாது. நானோ மெட்ராசில் ஒரு வருடம் டிரில் பயிற்சி முடித்த கர்வத்தில் இருந்தேன். வேலை கிடைக்காமல் வீட்டில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாலும் கர்வம் குறையவில்லை. வந்த மூன்றாம் நாள் வைக்கோல் படப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். நாத்தனார் உரிமையில் கேலி செய்து, தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். அடுத்த நொடி வானம் தெரிந்தது. நான் வைக்கோலில் மல்லாந்து கிடந்தேன். நீங்கள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தலை அடிபடாமல் பார்த்திருந்தீர்கள்.

"வலிச்சுதா நேசம்?" என்று கேட்டீர்கள். எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். இன்னொரு தடவை செய்யுங்கள் என்றேன்.

உங்கள் அப்பா அங்கே ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டவுனில் போட்டோக் கடை வைத்திருந்த ஜப்பான்காரரின் மனைவி, யுத்தம் வருவதற்கு முன்னால், அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தாளாம். யுத்தம் வந்த பிறகு நடந்ததைப் பற்றி நீங்கள் பேசமாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பெண்மணி சொன்னதாக ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வீர்கள்: "எறியது பொறவு. முதல்ல விழப் படி."

ஒரு மாதம் விழுந்தேன். பின்னால், பக்கவாட்டில், உருண்டு, எழுந்து மறுபடியும். அதன் பிறகுதான் பிடிகள். ஒரு கை கழுத்துப்பட்டியில், ஒரு கை சட்டைக் கையில். கால் எடுத்து வைக்கிற நேரம் பார்த்து அந்தக் காலை வாரிவிடுவது உங்கள் தனி வித்தை. அதற்கு நான் தூத்துவாரி என்று பெயர் வைத்தேன், முற்றம் பெருக்குகிற மாதிரி இருந்ததால். கீழே விழுந்தவளை எழவிடாமல் நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து அமுக்கிப் பிடிப்பது, பட்டியால் கழுத்தை இறுக்குவது, முழங்கையை மடக்குவது எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். போதும் என்றால் இரண்டு தட்டு. தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

இடுப்பில் ஏற்றி எறிகிற எறி மட்டும் உங்களுக்குச் சுமாராகத்தான் வரும். கையால் இழுப்பீர்கள். நான் ஏழு வயதிலிருந்து குடம் தூக்கியவள். நிறைந்த குடத்தைக் கையால் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், முட்டியை மடக்கி அதற்கு அடியில் இடுப்பைக் கொண்டுபோக வேண்டும் என்று கிணற்றடியில் வைத்து நான்தான் உங்களுக்குக் காட்டினேன். "இது அந்த ஜப்பான் அம்மைக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, அன்று மாலை எட்டுக் குடம் தண்ணீர் நீங்களே கோரினீர்கள். அந்த எறிக்குப் பெயர் குடம். ஆனாலும் ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட நான் உங்களை மெய்யாக எறிந்ததில்லை. நீங்களாக விழுந்துகொடுத்தால் உண்டு.

அம்மை இதைக் கண்டும் காணாமல் இருந்தாள், பயிற்சிக்கு நான் போட்டிருந்த அவளுடைய பழைய குப்பாயம் ஒன்று தோளிலிருந்து இடுப்புவரை கிழிகிறவரைக்கும். கிழிந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தவள் வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம ஆளுவ தோளுல இதப் போட்டதுக்கு, சந்தையில வச்சு இழுத்துக் கிழிச்சானுவ. அடிபட்டு வாங்கின துணியாக்கும். இப்ப நீங்களே கிழிச்சு வெளையாடுதியளா?"

மேல்சாதிக்காரர்கள் நம் பெண்களைத் தோளை மூடவிடாத அந்தத் தோள்சீலைக் கலகம் எனக்குச் சிறுவயதிலிருந்து கேட்ட கதை. மலாயாவில் வளர்ந்த உங்களுக்கு அன்றுதான் தெரியும். அழுதுவிட்டீர்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் இழுத்தாலும் கிழியாத குப்பாயம் ஒன்று தைத்துத் தருவீர்களா மாமி என்று கேட்டீர்கள். அம்மை அடுத்த வாரம் வடசேரிச் சந்தையிலிருந்து காடாத்துணியும், படகுப் பாய் தைக்கிற நூலும் வாங்கி வந்தாள். இரண்டு மடிப்புத் துணி. கழுத்துப்பட்டிக்கு மட்டும் மெழுகு தேய்த்த நூலில் எட்டு வரித் தையல். இரண்டு குப்பாயம் தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்துவிட்டுச் சொன்னாள்: "இதக் கிழிக்க இனி ஆளு பொறக்கணும்."

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் சித்தி ஒரு நாள் ஓலை வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். மைனியும் நாத்தனாரும் வைக்கோலில் கட்டிப் புரள்வதைக் கண்டால் நம் ஊரில் யாருக்குச் சண்டை என்பதைத் தவிர வேறென்ன தோன்றும்? தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டு என்று நாம் சொன்னதை அவள் நம்பவே இல்லை. குடும்ப மானத்துக்காக இரண்டு பேரும் மறைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "நம்முடைய சபையில் ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று ஜெபம் ஏறெடுத்தார்கள். கண்ணை மூடியிருக்க வேண்டிய அத்தனை பேரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக் குலுங்கினீர்கள். அதையும் அழுகை என்று நினைத்து உங்களுக்குப் பின்னால் இருந்த கிழவி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் வேலைக்கு நான் மனு கொடுத்து முடிவுக்குக் காத்திருந்த நேரம் அது. இருபத்தாறு வயது எனக்கு. அந்த வேலை கிடைக்காவிட்டால் லேஸ் பின்னுகிற திண்டுக்கு முன்னாலேயே கண் மங்கிப்போவேன் என்று தெரியும். ஜெபத்தில் இருந்த சபை மூப்பர் ஒருவர் அந்தப் பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். அண்ணன் பெண்டாட்டியை அடிக்கிறவள் கையில் பிள்ளைகளை எப்படி விடுவது என்று கேட்டாராம். தலைமையாசிரியை ஆள் விட்டுச் சொன்னார்கள். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

நீங்கள்தான் என்னை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை வீட்டுக்குப் போனீர்கள். இது சண்டை இல்லை, முறைப்படி படிக்கிற வித்தை, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கமிட்டிக்கு முன்னால் செய்து காட்டுகிறோம் என்றீர்கள். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சம்மதித்தார்கள். காட்டிய பிறகு கமிட்டி என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்றும் சொன்னார்கள்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த அண்ணன் லீவு போட்டு வந்து ஒரு வண்டி வைக்கோல் ஏற்றிவந்தான். மைதானத்தில் அதைப் பரப்பி மேலே படுதாவை இழுத்துக் கட்டினோம். மலாயாவில் சீனப் பெண்கள் போடுகிற மாதிரிக் கணுக்கால்வரை கறுப்புக் காலாடை, மேலே அம்மை தைத்த குப்பாயம், இடுப்பில் கச்சை. விழுந்து காட்டினோம். எறிந்து காட்டினோம். பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடினார்கள். நான் உங்களைக் குடம் எறிந்தேன், நீங்கள் அழகாக விழுந்துகொடுத்தீர்கள். முடிந்தது, வேலை கிடைத்தது என்று நினைத்தேன்.

மூப்பர் எழுந்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு விழுகிறார்கள், இது வித்தை என்று எப்படி நம்புவது, வீட்டுச் சண்டையை மூடி மறைக்கப் போடுகிற நாடகமாகவும் இருக்கலாமே என்றார். நியாயமான மனிதர்தான், ஆனால் அந்த நிமிடம் அவரை எறியலாம் போலிருந்தது.

நீங்கள் அவரைப் பார்த்து, "அப்போ பேசாம விழுதோம் ஐயா" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேசம், இனி நான் விழுந்து தரமாட்டேன். வேல வேணும்னா என்ன எறி."

முதுகு நேராகத் தரையில் விழுந்தால் தோல்வி, முப்பது எண்ணும்வரை அமுக்கப்பட்டாலும் தோல்வி என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்து நின்றீர்கள். கண்ணில் இரக்கமே இல்லை. இரண்டாவது அடியிலேயே தூத்துவாரி. நான் பக்கவாட்டில் விழுந்து தப்பினேன், எழுவதற்குள் மேலே விழுந்து அமுக்கினீர்கள். தலைமையாசிரியை எண்ணுவது எங்கோ தூரத்தில் கேட்டது. பதினேழு, பதினெட்டு. முகமெல்லாம் உங்கள் குப்பாயத்துக்குள் புதைந்து மூச்சுத் திணறியது. உங்கள் பக்கமே திரும்பி முட்டியை இடையில் நுழைத்து ஒரு புரட்டுப் புரண்டேன். இருபத்தாறில் வெளியே வந்தேன்.

எழுந்ததும் என் பிடரிப் பட்டியைப் பிடித்தீர்கள். அது உங்கள் இரும்புப் பிடி. தலையை அப்படியே கீழே அமுக்கி என்னைக் கூன் விழ வைத்தீர்கள். வழக்கமாக நான் நிமிரப் பார்ப்பேன், தோற்பேன். அன்றைக்கு நிமிரவில்லை. அமுக்குகிறாயா, சரி, இன்னும் கீழே போகிறேன் என்று முட்டியை மடக்கி, திரும்பி, நிறைகுடத்துக்கு அடியில் போவது போல உங்களுக்கு அடியில் இடுப்பைக் கொண்டுபோனேன். நீங்கள் பின்னால் சாய்ந்து பட்டியை விடாமல் தொங்கினீர்கள். நான் நிமிர்ந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் உங்கள் முதுகும் உங்கள் கையும் படுதாவில் அடித்த சத்தம்.

மல்லாந்து கிடந்தபடி சிரித்தீர்கள் மைனி. நான் பார்த்ததிலேயே பெரிய சிரிப்பு அதுதான்.

மூப்பர் அப்போதும் விடவில்லை. ஒரே வீட்டு ஆள், பாவம் பார்த்து விட்டுக்கொடுத்திருப்பாள் என்றார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. நம் அம்மை எழுந்து வந்தாள். கூட்டத்தில் வாய் திறந்தே அறியாதவள். படுதாவில் ஏறி, என் கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு, கிழிந்து தொங்கிய பட்டியை இழுத்து அவருக்கு நேராக நீட்டினாள்.

"பாரும். எட்டு வரி. பாய்மர நூலு. விட்டுக் குடுக்குதவ கையில இது கிழியுமா? இதக் கிழிக்க ஆளு பொறக்கணும்னு நான்தான் சொன்னேன். எனக்க மருமவ கிழிச்சா. அவள எனக்க மவ எறிஞ்சா."

மூப்பர் கிட்டே வந்து, தொங்கிய பட்டியை இரண்டு கையாலும் பிடித்து, கிழியாமல் மிஞ்சிய பக்கத்தை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை மூச்சுப் பிடித்து இழுத்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. பட்டியை அம்மை கையிலேயே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்த திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாய் இருந்த காலம் அது. பிறகு நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சம்பளம் வருகிற ஊர் மாறியது, நான் மட்டும் அதே மைதானத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றேன். அதில் எத்தனை பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடுத்தேன் என்று கணக்கில்லை. சுசீந்திரம் பஸ்ஸில் கையைப் பிடித்து இழுத்த ஒருவனை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடைபாதையில் கவிழ்த்துவிட்டு வந்தபோது, முதலில் உங்களிடம் சொல்லத்தான் ஓடிவந்தேன். தலை அடிபடாமல் பார்த்தாளா என்று கேட்டீர்கள்.

நாலு வருடம் முன்னால் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. என் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். எனக்குப் புரிந்தது. சட்டத்தை மீறி, நான் உடனே விடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் உங்கள் மகள் குப்பாயத்தை என் மடியில் பார்த்துவிட்டு, கைவீக்கத்தோடு நான் சிரமப்பட வேண்டாம் என்று ஊசியும் நூலும் எடுத்து வந்தாள். நல்ல பிள்ளை, பாசி தேய்க்கத்தான் சோம்பல். அன்று விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் நானும் இப்படித்தான் ஊசியை எடுத்தேன். அம்மை அதைப் பிடுங்கிவைத்துவிட்டுச் சொன்ன வார்த்தையைத்தான் நானும் உங்கள் மகளிடம் சொன்னேன்.

"தைக்காண்டாம் மக்கா. இது நாம ஜெயிச்ச எடம்."