கடைசி வட்டத்துக்கு ஓர் இலை

மார்ச் 2

அன்புள்ள கிளைவாசிக்கு,

நானும் நம் வாலுவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறீர்களே, அதற்கு மேல் என்ன கேட்பது? அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீங்கள் கொஞ்சம் வாய் திறப்பீர்கள்.

வழக்கம்போல் கடிதத்தோடு நீங்கள் வைத்தனுப்பிய இலை வந்து சேர்ந்தது. புதுப் பச்சை என்று எழுதியிருந்தீர்கள். என் கைக்கு வரும்போது வறுத்த காப்பிக்கொட்டை நிறம். நீங்கள் அங்கே பார்க்கும் பச்சையை நான் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு இந்த முறை ஓரத்தில் புழு கடித்த ஓட்டை வேறு. "ஓட்டை இலையா அனுப்புவாரு உங்க அப்பா?" என்று வாலுவிடம் குறைபட்டுக்கொண்டேதான் வரைய உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு மேசையில் பாதியை நான் வரையும் மண்டலா ஓவியம் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் நாங்கள் முட்டி மோதிச் சாப்பிடுகிறோம். ஓர் இலைக்கு ஒரு வட்டம் என்று உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துவிட்டு வந்து, பிரஷை நனைக்கும்போதுதான் என் கண்ணுக்கு ஓய்வு. வாலு இதை "அப்பா சக்கரம்" என்கிறாள். நேற்று தண்ணீர் என்று நினைத்து பிரஷ் கழுவிய நீலத்தைக் குடிக்கப் போனாள். தடுத்துவிட்டேன்.

விளிம்பில் ஒரு வட்டத்தை வெறும் தாளாக விட்டிருக்கிறேன். வாட்டர் கலரில் வெள்ளையைப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. முதலிலேயே விட்டுவைத்தால்தான் உண்டு. அது நீங்கள் கையோடு கொண்டுவரும் இலைக்கு. கிளை வெட்டும் பருவம் முடிந்ததும் வருகிறேன் என்றீர்கள். முடிந்துவிட்டதா, இல்லையா?

வழிமேல் விழியாக,
உங்கள் சக்கரக்காரி

மார்ச் 20

அன்புள்ள சக்கரக்காரிக்கு,

உன் கோபமும் அன்பும் ஒரே உறையில் வந்தன. எது எது என்று பிரிக்கத்தான் நேரமானது.

லீவு கேட்டேன். மேஸ்திரி, "இப்போ போனா யாரு ஏறுவா? ரெண்டு மாசம் பொறுத்துக்கோப்பா" என்கிறார். பூங்காவின் வடக்கு வரிசை மரங்கள் முழுக்க இன்னும் பாக்கி. இந்த உறையில் அகல இலை ஒன்று வைத்திருக்கிறேன். உச்சிக் கிளையில் பறித்தது. அங்கிருந்து பார்த்தால் ஊரே கைக்குள் அடங்கிவிடும். நீயும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வாலுவை நீலம் குடிக்க விடாதே.

என்றும் உன்,
கிளைவாசி

ஏப்ரல் 8

என்னங்க,

இந்தத் தடவை பட்டப்பெயர் இல்லை. காரணம் இருக்கிறது.

உச்சிக் கிளையில் பறித்த இலையை வரைய எடுத்தேன். காம்பின் அடி, தீக்குச்சித் தலை போல உருண்டு வழுவழுப்பாக இருந்தது. சந்தேகம் வந்து பழைய இலைகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினேன். போன வருடத்து இலைகளில் காம்பு சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. உங்கள் வளைந்த கத்தியின் வெட்டு அது, எனக்குத் தெரியாதா? ஜனவரிக்குப் பிறகு வந்தவற்றில் ஒன்றில்கூட வெட்டு இல்லை. எல்லாம் தானாக உதிர்ந்தவை. தரையில் பொறுக்கியவை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளிடம் போய் இதை மறைக்கப் பார்த்தீர்களே!

முதலில் வேறு மாதிரி நினைத்தேன். சொல்லவே கூசுகிறது. அங்கே வேறு யாரோ இருக்கிறாள், இலை பறிக்கக்கூட மனசில்லாமல் போய்விட்டது என்று. ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். காலையில்தான் உறைத்தது: ஜனவரியிலிருந்து போனிலும் உங்கள் முகம் மட்டும்தான் தெரிகிறது. கழுத்துக்குக் கீழே காட்டுவதே இல்லை. ஒரு தடவைகூட எழுந்து நடக்கவில்லை.

நீங்கள் மரம் ஏறுவதில்லை. ஏன் என்று எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

ஏப்ரல் 25

அன்புள்ள உனக்கு,

ஜனவரியில் விழுந்தேன். கிளை காய்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கயிறு பிடித்தது, ஆனால் பாதியில்தான் பிடித்தது. இடுப்பிலும் வலது காலிலும் அடி. எலும்பு கூடிவிட்டது, கோணலாக. ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி வைக்க முடியவில்லை. மேஸ்திரி நல்ல மனுஷன். கன்று வளர்க்கும் நாற்றங்காலில் உட்கார வைத்திருக்கிறார். நாள் முழுக்கப் பைகளில் மண் நிரப்புகிறேன். லீவு தராததும் அவரில்லை. நான்தான் கேட்கவில்லை.

கிளம்பிய அன்று வாலுவைத் தோளில் வைத்துக்கொண்டு நம் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கினேன், நினைவிருக்கிறதா? "இன்னொரு தடவப்பா!" என்று கத்தினாளே. அவள் மனதில் இருப்பது அந்த அப்பா. அந்தப் படியில் நான் ஒவ்வொன்றாகத் தொற்றி ஏறுவதை அவளும் நீயும் நின்று பார்க்க வேண்டாம்.

எனக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. ராத்திரி கண்ணை மூடினால் உன் பிரஷ் தண்ணீர்க் குவளையில் தட்டுகிற சத்தம்தான் கேட்கிறது.

கடைசி வட்டத்தை உன் தெருவில் கிடைக்கிற ஏதாவது ஓர் இலையை வைத்து முடித்துவிடு. காத்திருக்காதே.

உன்

மே 10

அன்புள்ள கிளைவாசிக்கு,

ஆமாம், கிளைவாசிதான். அந்தப் பெயரை வைத்தவள் நான். எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கோபம் தீரவில்லை. வலியில் நீங்கள் தனியாகக் கிடந்தபோது நான் இங்கே ஓட்டை இலை அனுப்பினீர்கள் என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காகவே உங்களை மன்னிக்க மாட்டேன். மீதித் திட்டு நேரில்.

அந்த ஓட்டை இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டையை மறைத்து வரைந்து பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு இருந்தபடியே, அந்த வட்டத்து இலைகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஓட்டை வைத்தேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது அந்த வட்டத்தில்தான். வீட்டுக்கு வந்த கடை முதலாளியம்மா, "இந்த வேலைப்பாடு எங்க கத்துக்கிட்ட?" என்றார். புழுவிடம் என்றேன்.

வாலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப நாமளும் மெதுவா நடந்துட்டா? மூணு பேரும் மெதுவா நடந்தா யாரு நொண்டின்னு எப்படித் தெரியும்?" என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது பழகுகிறோம். தினமும் தாமதம்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் போட்டாயிற்று. "அப்பாவுக்குச் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று இவள்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் உட்கார்ந்து அழிச்சாட்டியம் பண்ணுகிறாள். தபால்காரரும் உட்காருகிறார்.

தோளில் தூக்குகிற அப்பா எனக்கு வேண்டாம். மேசையில் எதிரே உட்கார்ந்து, என் பச்சை சரியில்லை என்று சொல்கிற மனுஷன் வேண்டும். உங்கள் தலையணையை அணைத்து அணைத்து அது தட்டையாகிவிட்டது.

கடைசி வட்டம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தெருவில் இலைக்குப் பஞ்சமில்லை. நான் பொறுக்க மாட்டேன்.

உங்கள் சக்கரக்காரி

மே 28

அன்புள்ள சக்கரக்காரிக்கு,

இந்த உறையில் இலை இல்லை. உதறிப் பார்த்துப் பதறாதே.

அடுத்த சனிக்கிழமை காலை வண்டி வந்து சேரும். நாற்றங்காலில் இருந்து ஒரு சின்னக் கன்று கேட்டு வாங்கியிருக்கிறேன், மண்ணோடு, பையோடு. இலை பச்சையாகவே வரும்.

ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கன்று. பெட்டியைத் தூக்க நீ வர வேண்டும்.

உன்,
கிளைவாசி