மார்க் சரி, இன்ஜின் சரியில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மெக்கானிக் கடையைத் திறந்ததும் ஈஸ்வரன் பைக் மறுபடி. திருவாதவூர்ப் பையன், ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக மண் ரேஸ் ஓட்டப்போகிறான். அதற்காக இன்ஜினுக்கு ரேஸ் கேம் ஒன்று வாங்கி வந்தான், வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கிற தண்டு. போன வாரம் மாட்டிக் கொடுத்தது நான்தான்.

இப்போது பத்து உதைக்கு ஒரு ஸ்டார்ட். ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஐடிலில் நிற்பதில்லை, அணைந்துவிடுகிறது. கார்ப்ரேட்டர் வழியாகத் துப்புகிறது. வேகம் பிடித்துவிட்டால் மட்டும் பறக்கிறது.

பெட்ரோல் கலப்படமாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனான்.

மார்ச் 4, புதன்

கார்ப்ரேட்டர் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் கூடுதலாக விடும் பெரிய ஜெட். புது பிளக். வால்வு டேப்பட் இடைவெளி, கேமோடு வந்த தாளில் உள்ளபடி. கேம் எந்த நிலையில் உட்கார வேண்டும் என்று காட்டும் டைமிங் மார்க், மூன்று தடவை பார்த்தாயிற்று, நேராகத்தான் இருக்கிறது.

சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். முள் பாதியிலேயே நின்றது. வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தால்?

எதிர் டீக்கடையில் யாரோ: "ரேஸ் வண்டியெல்லாம் இவருக்கு எதுக்கு?" எனக்குக் கேட்கட்டும் என்றே.

மார்ச் 5, வியாழன்

செல்லூரில் லேத் வைத்திருக்கும் ஜெயந்தியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். முப்பது வயது இருக்கும். தறிச் சாமான் கடைவதுதான் பிழைப்பு. வால்வுகள் இருக்கும் இன்ஜின் ஹெட் வேலையும் செய்வாள். இருபத்திரண்டு வருஷம் கடை நடத்தியவனுக்குப் போக வெட்கம். பெட்ரோல் கதையையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

டிகிரி அச்சடித்த வட்டத் தாளை, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட் சக்கரத்தில் ஒட்டினாள். வால்வின் மேல் அதன் அசைவை அளக்கும் டயல் கேஜ். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, வால்வு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதினாள். நான்கு தடவை. நான்கிலும் ஒரே எண்.

"அண்ணே, நீங்க மார்க்குபடி சரியாத்தான் மாட்டிருக்கீங்க. கேம் கடைஞ்சவன்தான் பத்து டிகிரி தள்ளிக் கடைஞ்சுட்டான். வால்வு லேட்டா மூடுது, அதான் கம்ப்ரஷன் நிக்கல."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனா மாட்டும்போதே அளந்து பாத்திருக்கணும்ல."

குரல் உயரவேயில்லை.

மார்ச் 6, வெள்ளி

கேமைச் சுற்றும் செயினை ஒரு பல் நகர்த்தினால் பத்து டிகிரிக்கும் அதிகமாகத் திரும்பிவிடும். அதனால் செயின் சக்கரத்தின் போல்ட் ஓட்டைகளை அரத்தால் ராவி நீளமாக்கி, கேமை வேண்டிய அளவு மட்டும் முன்னே திருப்பி இறுக்கினாள்.

இன்ஜினை மூடிவிடலாமே என்றேன். விடவில்லை. வால்வு இனி பிஸ்டனுக்கு இன்னும் நெருங்கி வருமாம். ஹெட்டைக் கழற்றி, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் மேல் அப்பி, மாட்டி, சுற்றி, திரும்பக் கழற்றி, நசுங்கிய இடத்தைப் பிளேடால் வெட்டிக் கனம் பார்த்தாள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறது. இந்தப் பொறுமை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

இரண்டாவது உதையில் ஸ்டார்ட். ஐடிலில் லேசான குலுக்கல்; இந்தக் கேமுக்கு அது அப்படித்தானாம். கம்ப்ரஷன் முள் மேலே.

ஈஸ்வரனுக்குப் போன். பெட்ரோலில் ஒன்றுமில்லை, கேமில் கோளாறு, நான் அளக்காமல் மாட்டினேன், கண்டுபிடித்தது ஜெயந்தி. எல்லாம் சொன்னேன்.

"சரிண்ணே. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்துருங்க."

மார்ச் 8, ஞாயிறு

மேலூர் பக்கம் ஒரு பொட்டல். வாய் முழுக்கப் புழுதி. பதினோரு வண்டிகள். எல்லோரும் பாதையைப் பார்க்க, ஜெயந்தி முதுகைக் காட்டி நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். ஈஸ்வரன் நான்காவது. பரிசு மூன்று பேருக்குத்தான். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலாவதாக வந்தவன் என்னிடம் வந்து, திருப்பத்தில் ஈஸ்வரன் வண்டி என்னமாய்ச் சீறிக் கிளம்புகிறது, இன்ஜின் வேலை யார் என்று கேட்டான். கை நீட்டிக் காட்டினேன். அவன் கண் ஜெயந்தியைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற ஆட்களிடம் தேடியது.

"அங்கிட்டு யாரைத் தேடுறீங்க? அந்தப் பிள்ளதான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.