காத்திருந்தபோது நீ சொன்ன ஐரிஷ் சொல்

ஆஸ்பத்திரிக் கதவடியில் கைக்கு ஜெல் தேய்த்ததும் அந்த வாசத்தில், சிநேகிதி, நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. இம்முறை கட்டி எனக்கு, மார்பில். பரிசோதனை முடிவு கேட்க வந்திருந்தேன். மகளிடம் சும்மா இரத்தப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு, வீட்டருகே கிங்ஸ்பரியில் தனியே பஸ் ஏறினேன்.

உன் சிகிச்சைக் காலத்தில் நான் துணைக்கு வர, இதே நாற்காலிகளில்தான் இருப்போம். பெயர் கூப்பிடும்வரை நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்பது உன் சட்டம். அதற்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொண்டுவருவாய். அகதிப் பிள்ளையாக டப்ளினில் படித்தவள் நீ. ஐரிஷ் உன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படி வந்ததுதான் ‘ஃப்ளா’. ஆட்சி என்று பொருள். ஆதியில் அது ‘வ’ ஒலியில் தொடங்கியதாம். ஐரிஷில் ‘ஃப’ ஆகிவிட்டது. வெல்ஷ் மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு நாடு என்று பொருள். பழைய ஐரிஷில் அது பெண்பால். ஆட்சியைச் சொன்ன சொல் பிறகு ஆள்பவனையும் சொன்னது. தாடி வைத்த அரசனைக் குறித்தபோதும் பெண்பாலாகவே நின்றது. பின்னாளில்தான் ஆண்பாலாக்கினார்கள்.

“ஆம்பிளையள் பொறுக்க மாட்டினம்தானே” என்றாய்.

நான் விடவில்லை. எங்கள் ‘அரசு’ம் அப்படித்தான், பழந்தமிழில் ‘அரசு வந்தது’ என்றால் வந்தவன் அரசன், இலக்கணத்தில் மட்டும் அஃறிணை என்றேன்.

“அப்ப எங்கட ராசா ஆடு மாட்டோட நிக்கிறார்.”

எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.

பெயர் கூப்பிட்டால் சிரிப்பு நின்றுவிடும். நான் எழும்பினால், “நீ இரு, நான் கேட்டுக்கொண்டு வாறன்” என்பாய். நீ சாகும்வரை உன் அம்மாவிடம் உனக்கு வயிற்றுப்புண் என்றே சொல்லிவைத்தாய். கோயிலில் கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன். நம் வீடுகளில் இந்த நோயின் பெயரை யார்தான் வாய்விட்டுச் சொன்னார்கள்? கடைசி முறை நீ வெளியே வந்தபோது, என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நீயும் சொல்லவில்லை. ஆட்சி ‘ஃப்ளா’ என்றால், ஆட்சியினுடைய என்பது ‘ஃப்ளஹா’ என்றாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாய்.

இன்று எனக்குள்ளே ஃப்ளா, ஃப்ளஹா என்று சொல்லிப் பார்த்தேன். பயம் அடங்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீ எவ்வளவு பயந்திருப்பாய் என்று அப்போதுதான் விளங்கியது. மகளுக்குப் போன் எடுத்தேன். வேலையிடத்தில் இருந்து மூச்சிரைக்க வந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் அவளும் எழுந்தாள், நான் தடுக்கவில்லை.

புற்றுநோய்தான். வெட்டி எடுக்க வேண்டுமாம். அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை. மகள்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும், “பயமா இருக்கா அம்மா?” என்றாள்.

“ஓம், பிள்ளை. சரியான பயம்.”

உன் சொல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ ஒருவருக்கும் காட்டாமல் கொண்டுபோன பயமும் இப்போது என்னிடம்தான். அதை நான் தனியே வைத்திருக்கப் போவதில்லை.