கரண்டியில் இரண்டு தட்டு

உன் அஞ்சறைப்பெட்டி இப்போது என் மடியில் இருக்கிறது. கடுகும் சீரகமும் இருக்க வேண்டிய கிண்ணங்களில் ஒயின் பாட்டில் கார்க்குகள். மூடியைத் திறந்ததும் அடுத்த அறையிலிருந்து என் மகள், "என்னப்பா அது, புளிச்ச திராட்சை வாசம்?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைக்காத குறையாகக் குனிந்து பார்த்தேன். வெறும் காற்று. என் மூக்கு செத்துப்போனது உனக்கும் என் வீட்டாருக்கும் மட்டும்தான் தெரியும் என்று இன்று மத்தியானம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பனமரத்துப்பட்டியில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்குத்தானுங்ணா. இந்த ஊட்டுல இத வெச்சு யாரு என்ன பண்றது?" என்றாள். அன்றிலிருந்து பீரோ மேல் கிடந்தது. திறக்கப் பயம். நீ வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி, அதைக் காப்பாற்ற வேண்டாமா? இன்று திறந்துவிட்டேன். இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நாம் இருவரும் சேலத்தில் அந்த ஓட்டலில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். நீ நாமக்கல்லில் முட்டை குடோனில் அழுகல் முட்டை பொறுக்கிவிட்டு, பிறகு கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். நான் நாமக்கல் பக்கத்து வேலூரின் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து தப்பி வந்தவன். நீ அடுப்படிக்குள், நான் வெளியே மேஜைப் பக்கம். பல வருஷம் கழித்து ஓட்டலுக்கு நட்சத்திரம் கிடைத்தது. மெனுவில் ஒயினுக்கென்று ஒரு பக்கம் முளைத்தது. பெங்களூரிலிருந்து ஒருத்தர் வந்து அரை நாள் வகுப்பு எடுத்தார். வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். என் மண்டையில் தங்கியது ஒன்றுதான்: சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை.

அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் உனக்கு நினைவிருக்கும். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் பள்ளிபாளையம் சிக்கன் சொல்லிவிட்டு, இதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்டார். தட்டைப் பார்த்தேன். காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுச் செக்கச்செவேல் என்று இருந்தது. இருப்பதிலேயே கனமான சிவப்பு ஒயினை எடுத்து ஊற்றினேன். இரண்டாவது வாய்க்கே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஏனுங்க, வாய்க்குள்ள தீய வெச்சாப்பல இருக்குதுங்க!" என்று எழுந்தே விட்டார். நீ உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் தயிரோடு ஓடி வந்தாய்.

அன்று அடுப்படியில் வைத்து நீ கேட்டது: "ஏன்டா மாப்ள, கலரப் பாத்தா சேத்துவாங்க? அது வெத்தலைப் பாக்காட்டம் நாக்கப் புடிச்சு இழுக்குதுன்னு நீதான சொன்ன? அந்தத் துவர்ப்பு மேல மொளகாயும் ஏறுனா மனுசன் என்னத்துக்கு ஆவான்?"

நீ அதைச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் நீ ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை. குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். பாதிப் பேர் ஆடிப் பதினெட்டு வரைக்கும், தீபாவளி வரைக்கும் என்று தவணை சொல்லிக் கட்டுவார்கள். நீ உன் மகள் பிறந்த வருஷம் ஆயுசுக்கும் என்று கட்டியவன். ஒயின் வந்த புதிதில் பூசாரியிடமே போய், "மோந்து பாத்தாத் தப்புங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறாய். "வாய்க்குத்தான் கயிறு, மூக்குக்கு இல்ல" என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாராம்.

அப்புறம் பிறந்ததுதான் இந்தப் பெட்டி. நான் ஒரு மடக்கு குடித்து, புளிக்கிறதா, இனிக்கிறதா, துவர்க்கிறதா, எவ்வளவு கனம் என்று சொல்வேன். நீ மோந்து பார்த்துவிட்டு, எந்தக் குழம்போடு இது சண்டை போடாது என்று சொல்வாய். நாடும் ஊரும் கொடியின் பெயரும் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு கார்க்கிலும் நம் சாப்பாட்டின் பெயரைத்தான் பேனாவால் எழுதினாய். வெடுக்கென்று புளிக்கும் வெள்ளை ஒயினுக்கு மேட்டூர் மீன் வறுவல். எலுமிச்சை பிழிந்தால் ஆகிற வேலையை அது செய்துவிடும் என்றாய். நுரைக்கிறது எண்ணெயில் பொரித்ததற்கு. நாக்கை இழுக்கும் கனத்த சிவப்பு, கொழுப்போடு இருக்கும் ஆட்டுக்கறிக்கு; கொழுப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிடுமாம். பள்ளிபாளையத்துக்கு லேசாக இனிப்புத் தொட்ட வெள்ளை, அதுவும் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்து. அதே ரிக் முதலாளி மறுபடி வந்தபோது பயந்துகொண்டே அதை ஊற்றினேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஊரையே படுக்கவைத்த காய்ச்சல் வந்தது. எனக்கும் வந்தது, போனது. போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்கும் முன் மூன்று முறை போய்த் தொட்டுப் பார்க்கிறேன். புளித்துப்போன குழம்பைக் குழந்தைக்குப் போட்டுவிடுவேனோ என்று பயம். நாக்கில் இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, காரம் எல்லாம் தெரிகிறது. மல்லிகைக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உன்னிடம்கூட நானாகச் சொல்லவில்லை. கார்க் கெட்டுப்போன பாட்டில் ஒன்றை, பிரமாதம் என்று சொல்லி ஒரு டாக்டர் குடும்பத்துக்கு ஊற்றிவிட்டேன். அவர்கள் திருப்பி அனுப்பியதை நீ வாங்கி மோந்தாய். என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாய். "நனஞ்ச முட்டை அட்டை வாசம் அடிக்குது. உனக்குத் தெரியலையா?" என்றாய். நான் அழுதுவிட்டேன். ஒயினுக்கென்றே என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்?

அன்றைக்கே நீ வழி சொன்னாய். கார்க் பாட்டில் எதுவானாலும் ஐஸ் எடுக்கிற சாக்கில் அடுப்படி ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும். நீ மோந்துவிட்டுப் பாத்திர விளிம்பில் கரண்டியால் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் நல்லது. இரண்டு தட்டு என்றால் கெட்டது. இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதித்தது. என் நாக்கும் உன் மூக்கும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள்.

கடைசி வாரம் நீ சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. "மேனேஜர்கிட்ட சொல்லிப்போடு மாப்ள. நான் எத்தன நாளைக்கு உன்ற மூக்கா நிக்கறது? தெரியாததத் தெரியும்னு மட்டும் சொல்லாத" என்றாய். சொல்கிறேன், சொல்கிறேன் என்று இழுத்தேன். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். உன்னைப் பார்க்க வந்தபோது, முதல் எண்ணமாக, இனி யார் தட்டுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

இந்த மூன்று மாதமும் திருகுமூடி பாட்டிலாகப் பார்த்து விற்றே தப்பித்தேன். அதில் கார்க் இல்லை, கார்க்கால் வரும் கேடும் இல்லை. கார்க் பாட்டிலை யாராவது கேட்டால் இருப்பு இல்லை என்று பொய் சொன்னேன்.

இன்று பொய் சொல்ல வழி இல்லை. நாமக்கல்லிலிருந்து ஒரு முட்டை வியாபாரி, வெளிநாட்டிலிருந்து முட்டை வாங்க வந்த நான்கு பேருக்கு மத்தியான விருந்து வைத்தார். ஆட்டுக்கறிக்கென்று மேனேஜரே கனத்த சிவப்பில் இரண்டு பாட்டில் எடுத்து வைத்துவிட்டார். இரண்டும் கார்க். கார்க் திருகியால் இரண்டையும் திறந்து வைத்தேன். முறைப்படி விருந்து வைப்பவருக்குத்தான் முதலில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஊற்றினேன். நம் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? அவரும் கிளாஸை என் பக்கமே நகர்த்தினார்.

"எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க."

கிளாஸை எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். காற்றுதான். ஐந்து பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். தூணோரம் மேனேஜர் நிற்கிறார். என் காது அடுப்படிப் பக்கம் திரும்பியது, அங்கே கிரைண்டர் சத்தம் மட்டும். 'ரொம்ப நல்லா இருக்குங்க' என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. அதோடு, தெரியாததத் தெரியும்னு மட்டும் சொல்லாத என்று நீ சொன்னதும் நினைவுக்கு வந்தது. கிளாஸை அவர் பக்கம் நீட்டினேன்.

"ஐயா, எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. காய்ச்சல்ல போயிருச்சு. நீங்கதானுங்க மோந்து பாத்துச் சொல்லோணும்."

சொல்லிவிட்டேன். எனக்கே என் குரல் யாருடையதோ போல் கேட்டது. மேனேஜர் பக்கம் நான் திரும்பவே இல்லை. வியாபாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்படிங்களா" என்று கிளாஸை வாங்கி ஒரே ஒரு தரம் மோந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, நனஞ்ச முட்டை அட்டை நாத்தம் அடிக்குதுங்களே! மழைல லோடு நனஞ்சு வந்தா எங்க குடோன்ல இப்படித்தானுங்க அடிக்கும்."

அப்படியே உன் வார்த்தை. மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். உன் ஜன்னலில் சரசக்கா நின்றிருந்தாள். உன் பக்கத்தில் கிரைண்டரில் மசாலா அரைத்துக்கொண்டிருப்பாளே, அதே சரசக்கா. நான் எதுவும் கேட்கவில்லை. அவளே முதல் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மோந்தாள். உன் கரண்டியை எடுத்தாள். இரண்டு தட்டு. அடுத்த பாட்டிலை வாங்கி மோந்தாள். ஒரு தட்டு.

கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தச் சத்தம் எதுக்குன்னு தெரியாமயா ரெண்டு வருசமா இங்க நின்னோம்? அடுப்படில அத்தன பேருக்கும் தெரியுமுங்க. நீங்களா வந்து கேப்பீங்கன்னுதான் இருந்தோம்."

மூன்று மாதம். பத்து அடி தூரத்தில் ஒரு மூக்கு எனக்காக நின்றிருக்கிறது. நான் வெளியே நின்று பொய் சொல்லிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் பயந்த நாட்களில் ஒரு நாள்கூட அது ரகசியமாக இருக்கவில்லை. நல்ல பாட்டிலை எடுத்துப்போய் ஊற்றினேன். ஆட்டுக்கறியோடு அந்த வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் விருந்து முடிந்ததும் மேனேஜர் வந்து, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க, பேசணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்கு ஸ்கூல் இருக்கிறது, வாடகை இருக்கிறது. நாக்கு மட்டும் இருக்கிறவனை வேறு எந்த ஓட்டலில் எடுப்பார்கள்?

இந்தப் பெட்டியை நாளைக்குக் கையோடு எடுத்துப்போகிறேன். என் வேலை இதில் இருக்கிறது. சாப்பிட வருகிறவரையே மோந்து பார்க்கச் சொல்லிவிட்டு, எந்தத் தட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்ல எனக்குத் தெரியும் என்று சொல்லப்போகிறேன். பயந்துகொண்டேதான் சொல்வேன். நீ நிரப்பிய பெட்டி அது, நடக்க நடக்கக் கார்க்குகள் உள்ளே உருண்டு ஆடும். ஆடட்டும்.

மேனேஜர் அறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன் மாப்ள. எல்லாரும் இரண்டு மூன்று தரம் தட்டுவார்கள். நான் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டுவேன்.