நாலு சக்கரமும் பிடிக்கட்டும்

அன்புள்ள சிந்துஜாவுக்கு,

அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் உங்கப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறோம் என்று எழுதிவிட்டேனே தவிர, முந்தாநாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா இடையிலே பிடுங்கி அவர் பேச ஆரம்பித்துவிடுகிறார், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்புவேன், தபாலில் போட்டால் உனக்கு வேலை கொடுத்த பண்ணைக்கார அம்மாவுக்கு நீ பதில் சொன்ன பிறகுதான் கடல் தாண்டி வந்து சேரும்.

விஷயம் அந்த வண்டிதான். மலைச்சரிவில் மாடு பார்க்கப் போக உனக்கென்று தனியாக ஒரு நாலு சக்கர பைக் வாங்கித் தருகிறார்கள், டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா என்று உன்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வண்டிக்குத்தான் நாலு சக்கரம் இருக்கிறதே, இதில் என்ன ரெண்டு நாலு என்று கேட்டேன். இன்ஜின் பின் சக்கரம் ரெண்டை மட்டும் ஓட்டினால் டூ வீல், நாலையும் சேர்த்து ஓட்டினால் ஃபோர் வீல் என்று உங்கப்பா பாடம் எடுத்தார். டூ வீலே போதும், வெயிட் கம்மி, ஹேண்டில் லேசா திரும்பும், ரிப்பேரும் ஜாஸ்தி வராதுனு உனக்கும் சொல்லிவிட்டார். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் ஓட்டியவருக்கு ஏரிக்கரைதான் மலை. நீ அனுப்பிய வீடியோவில் இருக்கிற சரிவை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாரோ இல்லையோ தெரியாது. நான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து போனில் சார்ஜே தீர்ந்துவிட்டது.

ஆனால் அன்றைக்கு நானும் அவர் பக்கம்தான் பேசினேன், அது உனக்குத் தெரியாது. நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற வெள்ளைக்காரம்மாவை உனக்குத் தெரியுமே, ஆசிரமத்துக்குப் போய்வருகிறவர், அவரிடம் கேட்டேன். ஃபோர் வீல் என்றால் எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் ஏறுகிற வண்டியை உன் கையில் கொடுத்தால் நீ எங்கே ஏறுவாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. டூ வீல் என்றால் முடியாத இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றுவிடும், நீயும் சலித்துப்போய் இறங்கிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். டூ வீல்னே சொல்லுங்க, அவள நிறுத்த நம்மால ஆவல, வண்டியாவது நிறுத்தட்டும்னு உங்கப்பாவை ஏற்றிவிட்டதே நான்தான்.

முந்தாநாள் நிலத்துக்குப் போனேன். உன் தருமன் மாமா மகன் வல்லரசு புதிதாக ஒரு சின்ன டிராக்டர் எடுத்திருக்கிறான், ஃபோர் வீல். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, முதல் சவாரிக்கு வா அத்தைனு என்னை மட்கார்டில் உட்கார வைத்துக்கொண்டான். விடியற்காலையில் பெய்த மழையில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் நனைந்திருந்தது. அந்த ஈரத்திலும் வண்டி சிரமமே இல்லாமல் கரைமேல் ஏறிவிட்டது, எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் புத்தி வேலை செய்தது அவனுக்கு. எறக்கம்தானே அத்தை, எறங்கறதுக்கு நாலு சக்கரம் எதுக்கு, டீசல்தான் ஜாஸ்தி குடிக்கும்னு சொல்லி லீவரை டூ வீலுக்குத் தள்ளினான். அதோடு விட்டானா, நம் ஊர் வழக்கப்படி கியரையும் நியூட்ரலில் போட்டுவிட்டான். வண்டி தானாக இறங்கியது. வேகம் கூடியதும் பிரேக்கை மிதித்தான், அது பின் சக்கரம் ரெண்டை மட்டும்தான் பிடித்தது, பின்பக்கம் வழுக்கித் தனியாக ஒரு பக்கம் போனது, முன்பக்கம் ஒரு பக்கம் போனது, குறுக்கே திரும்பிக்கொண்டே போய் பனைமரத்தில் இடித்து நின்றது. அந்தப் பனை இல்லாவிட்டால் எங்கள் ரெண்டு பேர் மேலும் வண்டி படுத்திருக்கும்.

பதறாதே, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுக்கு அதுகூட இல்லை, வெட்கம்தான். மறுநாள் ஒரு பை நிறைய வேர்க்கடலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிட்டான். அவனைக் கூப்பிட்டுத் திட்டாதே. வண்டி மேல தப்பில்ல, ஓட்டனவன் மேலதான் தப்புனு உங்கப்பா இன்னும் வாதாடுகிறார். நியூட்ரலில் விட்டது தப்புதான், ஆனா நாலும் பிடிச்சிருந்தா இவ்ளோ வழுக்கி இருக்குமானு கேட்டேன். அந்த ஓட்டனவன்கிட்டதானே உங்க பொண்ணும் வண்டி கத்துக்கினானு கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தெருவில் நடக்கப் போய்விட்டார்.

எனக்கு அதுதான் மண்டையைக் குடைகிறது சிந்து. இறக்கம் என்றால் நம்மவர்கள் கை தானாக நியூட்ரலுக்குப் போகும், உன் கையும் அப்படித்தான் பழகியிருக்கும். இங்கே ஏரிக்கரை, பனைமரம் இருக்கிறது. உன் வீடியோவில் புல்லைத் தவிர ஒரு செடிகூட இல்லை, சரிவு முடிகிற இடமும் தெரியவில்லை. நேற்றுப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோதுகூட சாமி பக்கம் மனசு போகவில்லை, மலையைப் பார்த்தாலே நீ காலேஜ் படிக்கும்போது தீபத்துக்கு மலையேறினது ஞாபகம் வந்தது. போகாதே என்றேன், போனாய். நான் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது தெரியலம்மா, எறங்கும்போதுதான் காலு என் பேச்சையே கேக்கலனு சொன்னாய். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. நீ ஏறிவிடுவாயே என்று பயந்து பயந்து, இறங்க வேண்டும் என்பதை யோசிக்காமலே டூ வீல் என்று சொல்லச் சொன்னேனே.

அதனால் ஃபோர் வீல் என்றே சொல்லிவிடு. ஹேண்டில் கனமாக இருந்தால் கை வலிக்கும், எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். ஏறும்போது எதில் வேண்டுமானாலும் ஏறு, இறங்கும்போது நாலையும் போட்டு, சின்ன கியரில், மெல்ல இறங்கு. நியூட்ரலில் கை வைக்காதே. ஹெல்மெட் போடாமல் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பாதே. நடந்து போகப் பயப்படுகிற சரிவில் வண்டியில் போகாதே. யாரையும் பின்னால் ஏற்றாதே, என்னை ஏற்றின கதைதான் பார்த்தாயே. அங்கே எலுமிச்சம்பழம் கிடைக்கும்தானே, வண்டி வந்ததும் நாலு சக்கரத்துக்கும் வை, பண்ணைக்கார அம்மா சிரித்தால் சிரிக்கட்டும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நிலத்தில் வேர்க்கடலை நன்றாக முளைத்திருக்கிறது. உங்கப்பாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஸ்வீட் கடைப் பக்கம் போகாத வரைக்கும். எதிர்வீட்டு சரசு நீ எப்போது வருவாய் என்று பார்க்கிறபோதெல்லாம் கேட்கிறாள், கல்யாணப் பேச்சுதான், நான் பிடி கொடுக்கவில்லை.

இதை எழுதும்போது உங்கப்பா பின்னால் வந்து நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நானும் நாலுனுதான் சொன்னேன்னு எழுதிடு என்றார். எழுதிவிட்டேன்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உனக்குத் துணையிருந்து, நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பண்ணைக்கார அம்மாவிடம் சொன்னதும் எனக்கு நாலு என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, அதற்கப்புறம்தான் நான் அடுப்பில் பால் வைப்பேன். நீ ஏறுவதை நான் தடுக்க மாட்டேன் கண்ணு. இறங்கி வந்துடு.

இப்படிக்கு,
இன்னும் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிற
உன் அம்மா ரேவதி