பதினொன்றாம் நாள் கீழாநெல்லி

1913 நவம்பர் 11, செவ்வாய். பதுளை.

மகனுக்குக் காமாலை மருந்து கொடுக்கத் தொடங்கி இன்று பதினொரு நாள். கீழாநெல்லியை வேரோடு அலசி, நானே அம்மியில் அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி, வெறும் வயிற்றில் அவன் விழுங்கும்வரை எதிரில் நிற்கிறேன். உணவில் உப்பில்லை, எண்ணெய் இல்லை. ஒரு நாளும் தவறவில்லை என்று எனக்குள் பெருமையும் இருந்தது.

இன்று காலை கீழாநெல்லிக் கட்டு கொண்டுவந்த வீராயி, தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் குடியிருப்பவள், பின்வாசலில் தயங்கி நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க கிளாக்கரம்மா. தம்பி தெனமும் சாயந்திரம் தவறணையிலதான் சாராயம் குடிக்கிறாரு. ‘எங்கம்மா காலையில மருந்து குடுத்துக் கழுவி விட்டுடுறாங்க, ஈரலுக்கு என்னடா பயம்?’னு சொல்லிச் சிரிக்கிறாராம். எம் புருசன் கேட்டிருக்கான்.”

“உன் புருஷனுக்கு அங்க என்ன வேலை?”

“அவனும் குடிக்கத்தாங்க போனான். அவனுக்கு அரச்சுக் குடுக்கத்தான் ஆளில்ல.”

கதவைச் சாத்திவிட்டேன்.

மாலையில் மகன் கிராம்பு மென்றுகொண்டு வந்தான். விளக்கருகே கண்கள் மஞ்சளாகவே இருந்தன. அவன் அப்பாவின் கண்களும் கடைசியில் இப்படித்தான்.

“நாளைக்கு மருந்து இருக்குல்லம்மா?” என்றான். இருக்கிறது என்றேன். தவறணையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுவிடுவான் என்று பயந்தேன்.

அரைத்துக் கொடுத்தால் அந்தத் தைரியத்தில் குடிப்பான். கொடுக்காவிட்டாலும் குடிப்பான். செபமாலையை எடுத்தேன், மனம் நிற்கவில்லை.

வீராயி தந்த கட்டு வாடாமலிருக்கத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். விடிந்ததும் அரைப்பேன்.