பெரட்டில் கூப்பிட்ட பேர்

தோவாளை
கொல்லம் ஆண்டு 1126, ஆனி 12

அட்டன் மலைத்தோட்டத்துப் பெரிய கங்காணி பொன்னுலிங்கம் அவர்களுக்கு, பெண்சாதி பகவதியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் மகள் ஞானமும் சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அதை விசாரிக்கவில்லை.

‘என் பிரியமுள்ள பாரியாளுக்கு’ என்று தொடங்கியிருந்தீர்கள். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் உங்கள் வாயில் எனக்கு ‘ஏட்டி’ தவிர வேறு பேர் கிடையாது. அம்மாவின் காரியத்துக்கென்று மகளோடு வந்து நான் ஊரிலேயே தங்கிவிட்டேன். இந்த ஐந்து வருஷத்தில், இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லை. இப்போது இலங்கை சர்க்கார் பிரஜாவுரிமை மனுவுக்குக் கெடு வைத்து, பெண்சாதி பிள்ளையோடு இருக்கிறவன்தானா நீ என்று கேட்டதும் பிரியம் பொங்கி வழிகிறது.

நான் உடனே கப்பலேறி வந்து, இத்தனை வருஷமும் உங்களோடு அங்கேயே குடியிருந்ததாக அதிகாரி முன்னால் சொல்ல வேண்டுமாம். ஞானத்தையும் கூட்டி வர வேண்டுமாம். கொழுந்து பறிக்க நல்ல வயசு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவள் நாகர்கோவிலில் ஒன்பதாவது படிக்கிறாள். என்ன படிக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று பெற்ற தகப்பனுக்குக் கேட்கத் தோன்றவில்லை, விரல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை அவளும் வாசித்தாள். பாரியாள் என்ற இடத்தில் சிரித்தாள். கொழுந்து என்ற இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் மாப்பிள்ளையாக வந்த கோலம் எனக்கு மறக்கவில்லை. கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் போட்ட கம்பு. ஆடு மாடு இல்லாத மனுஷனுக்குக் கம்பு எதற்கு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மலை ஏறிய பிறகுதான் அது யாருக்கென்று தெரிந்தது. பிச்சிப்பூ பறிக்கும் பெண்களிடம் போய், பூப் பறிக்கிற கைக்குத் தேயிலை ஒரு வேலையா, என் பெண்சாதியே வருகிறாள், உங்களுக்கு என்ன பயம் என்றீர்கள். எனக்குத் தாலி கட்டியது அதற்குத்தான். என்னை நம்பி வந்தவர்களில் தாணம்மாளும் ஒருத்தி.

மலையில் நனைந்த கம்பளியும் காலில் அட்டையுமாக அந்தப் பெண்கள் நின்றார்கள். கூடையில் எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது முழு நாள் உழைப்புக்கு அரை நாள் கூலி. அதுவும் பெண்ணின் கைக்கு வராது, புருஷன் வாங்குவான். புருஷன் இல்லாதவளுக்குக் கங்காணி வாங்குவார். தாணம்மாளின் புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவள் கூலியை நீங்கள் வாங்கினீர்கள். நிறைமாதத்திலும் அவளை ஏற்றத்துச் செடிக்கே அனுப்பினீர்கள். வலி கண்டு, லயத்து வீட்டுக்குப் போகிறேன் என்று கெஞ்சினவளிடம், கூடையை நிறைத்துவிட்டுப் போ என்றீர்கள். தாயும் பிள்ளையும் செடிகளுக்கு நடுவிலேயே போனார்கள்.

அதற்குப் பிறகு காட்டின கெட்டிக்காரத்தனம்தான் இன்று உங்கள் காலைச் சுற்றியிருக்கிறது. விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஒரு ஆள் குறைந்தால் கங்காணிக்கு வரும் தலைக்காசு குறையும். அதனால் செத்தவளின் பேரை நீங்கள் வெட்டவில்லை. வீட்டிலிருந்த என் தலையில் கூடையை மாட்டிக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். தாணம்மாள் என்று கூப்பிட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் தொடங்கி ஊர் வரும்வரை நான்தான் அவள். தோட்டத்துத் துரையின் கணக்குப்படி தாணம்மாள் சாகவே இல்லை, பகவதியம்மாள் அந்த மலையில் கால் வைக்கவே இல்லை. இனி எந்தப் பெண்சாதியைக் காட்டுவீர்கள்? வெள்ளைக்காரனையே ஏமாற்றினேன் என்று மீசை முறுக்கினவர், கட்டினவளை நீங்களே இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள். என்ன மூளை, என்ன மூளை.

நான் வர மாட்டேன். ஞானத்தையும் அனுப்ப மாட்டேன். உங்களைக் கப்பலேற்றி விரட்டினால் விரட்டட்டும். இத்தனை பேரை ஏற்றிவிட்ட கைக்கு ஒரு தடவை தானும் ஏறத் தெரியாமலா போகும்?

இவ்வளவு ஏசிவிட்டு உங்களிடமே ஒன்று கேட்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. தாணம்மாளின் அம்மா பூச்சந்தையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். மகள் செத்ததை நான் சொல்லிவிட்டேன். அழுது ஓய்ந்துவிட்டாள். இப்போது ஒன்றை மட்டும் தினமும் கேட்கிறாள். மக்கா, அவள எங்க வச்சாவ, பக்கத்துல மரம் ஏதாம் நிக்குதா, அத மட்டும் சொல்லுட்டி என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன அந்த விடியற்காலையில் நான் பெரட்டில் நின்று அவள் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தை எழுதுங்கள். பொய் மட்டும் எழுத வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
பகவதியம்மாள்